ஏழாம் தூண்: மாற்றம் இல்லை

தேநீரில் சர்க்கரை கூடிப்போயிருந்தால் கூச்சப்படாமல் சொல்லிவிடுங்கள், வக்கீலம்மா. கோபம் வந்தால் ஊரில் எல்லோரும் சர்க்கரையைக் குறைப்பார்கள். என் மனைவி மட்டும் கூட்டுவாள். முப்பத்தாறு வருட அனுபவத்தில் சொல்கிறேன், இது மூன்று கரண்டிக் கோபம். டம்ளரை மேசையில் வைத்த சத்தத்தை நீங்களும் கேட்டீர்கள். வைத்த கையோடு செருப்பை மாட்டிக்கொண்டு எங்கோ கிளம்பியும் போய்விட்டாள். அரை மணி நேரமாவது நாம் நிம்மதியாகப் பேசலாம்.

அறை நெருக்கடியாக இருப்பதைப் பொறுத்துக்கொள்ளுங்கள். இது என் மைத்துனர் வீட்டு மாடியறை. ஒரு கட்டில், ஒரு தையல் இயந்திரம், அவர்கள் வேண்டாம் என்று ஒதுக்கிய அலமாரி, அதற்குப் பக்கத்தில் நாங்கள் இருவர். குறை சொல்ல வாயில்லை. ஒரே காலையில் நாற்பத்திரண்டு குடும்பங்கள் வீட்டை விட்டு இறங்கினால் தலைக்கு மேலே கூரை கிடைப்பதே பெரிய விஷயம். பதிவு செய்யும் கருவியை இப்படி என் பக்கம் வையுங்கள். என் குரல் கொஞ்சம் மெலிது. ஆய்வகத்தில் சத்தம் போட்டுப் பேசிப் பழக்கமில்லை.

ஆமாம், கல்லூரியில் வேதியியல் ஆய்வக உதவியாளர். முப்பத்தொரு வருடம். பேராசிரியர்கள் வருவார்கள், மாறுவார்கள், பாராட்டு விழா எடுத்துக்கொள்வார்கள். நான் பின்னாடி நின்று பியூரெட் கழுவிக்கொண்டிருப்பேன். என் நினைப்பு யாருக்காவது வரவேண்டுமென்றால் ஏதாவது உடைய வேண்டும். ஒரு குடுவை விழுந்து சிதறினால் போதும், வராந்தா முழுக்க என்னைத்தான் தேடுவார்கள். "எங்கய்யா போனே? பாத்துக்க மாட்டியா?" என்பார்கள். எதுவும் உடையாத நாட்களில் நான் அங்கே இருந்ததே ஒருவருக்கும் தெரியாது. 

உடைந்ததையும் அப்படியே குப்பையில் கொட்டிவிட முடியாது. அங்கே ஒரு முறை உண்டு. ஒவ்வொரு உடைசலையும் பொட்டலம் கட்டி, தேதி எழுதி, பெட்டியில் வைத்துக் காப்பாற்ற வேண்டும். வருடக் கடைசியில் இருப்பைச் சரிபார்க்க ஒருவர் வருவார். அவர் துண்டுகளை எண்ணிப் பார்த்து, உடைசல் பதிவேட்டில் கையெழுத்துப் போட்ட பிறகுதான் அது நம் பொறுப்பை விட்டுக் கழியும். முப்பத்தொரு வருடத்தில் என் கணக்கில் ஒரு சோதனைக் குழாய்கூடக் குறைந்ததில்லை. இதை ஏன் சொல்கிறேன் என்பது போகப்போகத் தெரியும்.

ஓய்வு பெற்ற கையோடு அந்த அடுக்குமாடியில் இரண்டாம் மாடி வீட்டுக்குப் போனோம். எங்கள் வாழ்க்கையே அங்கேதான் தொடங்கியது என்பேன். ஏழு மாடி, நாற்பத்திரண்டு வீடு, ஒருவர் முகத்தில்கூடச் சுளிப்பு கிடையாது. கீழ்த்தளத்தில் கார் நிறுத்தும் இடம். அதன் ஒரு மூலையில், ஏழாம் தூணுக்குப் பக்கத்தில், டேபிள் டென்னிஸ் மேசை. ஞாயிற்றுக்கிழமை காலை அங்கே நடக்கும் கூத்தைப் பார்க்க நீங்கள் கொடுத்து வைத்திருக்க வேண்டும். மூன்றாம் மாடிப் பல் டாக்டர் தோற்றால் மட்டையைக் குறை சொல்வார், ஜெயித்தால் தன்னையே மெச்சிக்கொள்வார். நான்காம் மாடிக் கணக்கு டீச்சர் எல்லோரையும் ஓட ஓட விரட்டுவார். முப்பத்தைந்து வயதுதான் இருக்கும். வலது கை வீச்சு என்றால் அது வீச்சு. பந்து எங்கே போனது என்று நாம் தேடிக்கொண்டிருக்கும்போது அவர் அடுத்த ஆளைக் கூப்பிட்டுக்கொண்டிருப்பார்.

மூன்றாம் வருடம் என்னைக் குடியிருப்போர் சங்கச் செயலாளராக்கினார்கள். போட்டியில்லை. யார் என்ன புகார் கொண்டுவந்தாலும் "பிரச்சினை இல்ல" என்று சொல்லி, மறுநாளே சரிசெய்துவிடுவேன். லிஃப்ட் நின்றாலும் பிரச்சினை இல்லை, தண்ணீர்த் தொட்டி வழிந்தாலும் பிரச்சினை இல்லை. அதுவே எனக்குப் பெயராகிவிட்டது. "பிரச்சினையில்ல சார் வர்றாரு, வழிவிடுங்க" என்பார் பல் டாக்டர். உடைந்தால் மட்டும் தேடப்பட்ட ஆளுக்கு, எதுவுமே உடையாததற்காக ஒரு பெயர் கிடைத்தது. அந்தச் சந்தோஷத்தை எப்படிச் சொல்வது? மாடிப்படி ஏறும்போது முழங்கால் வலிகூடத் தெரியாது.

விரிசலுக்கு வருகிறேன்.

ஏழாம் வருடம் முதல் மாதத்தில் கணக்கு டீச்சர்தான் அதைக் கண்டுபிடித்தார். உருண்டு போன பந்தை எடுக்கக் குனிந்தவர், ஏழாம் தூணில் மயிரிழை அளவுக்கு ஒரு கோடு சாய்வாக ஓடுவதைப் பார்த்தார். அன்று மாலையே கூட்டம் போட்டோம். டீச்சர் கையில் சட்டப் புத்தகத்தோடு வந்திருந்தார். கணக்குச் சொல்லித் தருவதைப் போலவே சட்டத்தையும் சொன்னார்.

"ரொம்ப சிம்பிள். தூண், உத்திரம், தளம், இதுல கோளாறு வந்தா சாவி குடுத்த நாள்லேர்ந்து பத்து வருஷத்துக்கு பில்டர் பொறுப்பு. ஆனா ஒண்ணு. கோளாறு இருக்குன்னு நமக்குத் தெரிஞ்சு போச்சுன்னா, தெரிஞ்ச நாள்லேர்ந்து ரெண்டு வருஷத்துக்குள்ள எழுத்துல கேட்டாகணும். கேட்டுட்டா, பில்டர் தொண்ணூறு நாள்ல வந்து பாத்து, தன் செலவுல சரி பண்ணித் தரணும். தரலேன்னா கோர்ட்டுக்குப் போகலாம். ரெண்டு வருஷம் சும்மா இருந்துட்டா எல்லாம் போச்சு."

"யாருக்குத் தெரிஞ்சா?" என்று கேட்டார் பல் டாக்டர். "எனக்குத் தெரிஞ்சா போதுமா? எங்க வீட்டுல சொன்னா நம்ப மாட்டாங்களே."

"தூண் எல்லாருக்கும் பொது டாக்டர். பொதுவானதுக்கு சங்கம்தான் கேக்க முடியும். அதனால சங்கத்துக்குத் தெரியணும். அதாவது, செயலாளருக்கு."

கூட்டம் மொத்தமும் என்னைத் திரும்பிப் பார்த்தது. நான் கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்துகொண்டேன்.

ஒரு பொறியாளரை அழைத்துக் காட்டினோம். நல்ல மனிதர், நிதானமாகப் பேசினார். இது மேல்பூச்சில் வந்த விரிசலாக இருந்தால் பயமில்லை, தூணுக்குள்ளிருந்து வந்ததாக இருந்தால் ஆபத்து என்றார். எது என்று கண்டுபிடிக்க ஒரு சுலபமான வழி வைத்திருந்தார். விரிசலுக்குக் குறுக்கே மெல்லிய கண்ணாடிப் பட்டை ஒன்றை இரு முனையிலும் பசை வைத்து ஒட்டிவிட வேண்டும். கண்ணாடிக்கு வளையத் தெரியாது. விரிசல் இம்மி நகர்ந்தாலும் பட்டை உடைந்துவிடும். உடைந்தால் விரிசல் உயிரோடு இருக்கிறது என்று பொருள். உடனே தூணுக்கு முட்டுக் கொடுத்துவிட்டு பில்டருக்கு நோட்டீஸ் அனுப்ப வேண்டும். உடையாவிட்டால் பயப்படாமல் இருக்கலாம். வாராவாரம் யாராவது பார்த்து ஒரு நோட்டில் எழுதி வைக்க வேண்டும்.

கண்ணாடி என்றதும் எல்லோரும் என்னைத்தான் பார்த்தார்கள். "சாரை விட்டா வேற யாரு?" என்றார் டீச்சர். புதுப் பதிவேடு வாங்கி, பக்கத்துக்கு எண் போட்டு, கோடு இழுத்தேன். ஒவ்வொரு ஞாயிறும் காலை ஐந்தரை மணிக்கு, மற்றவர்கள் பல் விளக்கும் முன்பே, கீழே போய்ப் பார்த்து "மாற்றம் இல்லை" என்று எழுதிக் கையெழுத்துப் போடுவேன். அழகான கையெழுத்து. நீங்கள்தான் பார்த்தீர்களே.

முதல் பட்டை ஐந்து மாதம் தாங்கியது.

அது உடைந்தது ஒரு ஞாயிறு. ஆனால் எப்படிப்பட்ட ஞாயிறு என்று தெரிய வேண்டும். ஆண்டுப் போட்டியின் இறுதி ஆட்டம் அன்றைக்குத்தான். தோரணம் கட்டியாகிவிட்டது, நாற்காலி போட்டாகிவிட்டது, குழந்தைகள் முகத்தில் பூச வண்ணம்கூடக் கரைத்து வைத்தாகிவிட்டது. நான் டார்ச்சை அடித்துப் பார்க்கிறேன், பட்டை நடுவில் சரியாக இரண்டாகப் பிளந்திருக்கிறது. மிகச் சுத்தமான உடைசல். ஒரு சில்லுகூடச் சிதறவில்லை. இதை இப்போது எழுதினால் என்ன நடக்கும் என்று யோசித்தேன். பார்க்கிங்கைக் கயிறு கட்டி மூடுவார்கள். மேசையைத் தூக்கி மூலையில் சாத்துவார்கள். நோட்டீஸ், பதில் நோட்டீஸ், ஆய்வு, மறு ஆய்வு என்று போகும். அடுத்த தெருக் கட்டிடத்தில் இப்படித்தான் ஆனது. ஒரு வருடத்தில் லிஃப்டுக்குள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் கூரையைப் பார்த்துக்கொண்டு போக ஆரம்பித்துவிட்டார்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, ஏதோ உடைந்துவிட்டது என்று சொல்ல நான்தான் வாயைத் திறக்க வேண்டும். மறுபடியும்.

மேலே போனேன். வரவேற்பறையில் எங்கள் கல்யாணப் படம் மாட்டியிருந்தது. சட்டத்திலிருந்து கண்ணாடியைக் கழற்றினேன். ஓய்வு பெறும்போது வாங்கி வந்த வைரமுனைக் கண்ணாடி வெட்டி என்னிடம் இருந்தது. ஒரே இழுப்பு, ஒரே தட்டு. பிசிறில்லாமல் ஒரு பட்டை விழுந்தது. அதைக் கொண்டுபோய் ஒட்டினேன். பழைய துண்டுகளைப் பஞ்சில் சுற்றி, தேதி எழுதி, பெட்டியில் வைத்தேன். பிறகு பதிவேட்டைத் திறந்து "மாற்றம் இல்லை" என்று எழுதினேன்.

பொய் என்கிறீர்களா? கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். நான் எழுதிய அந்த நிமிடத்தில் தூணில் இருந்தது புதுப் பட்டை. அதில் ஒரு மாற்றமும் இல்லை. நான் பொய் சொல்லிப் பழகாதவன், வக்கீலம்மா.

அன்றைய ஆட்டத்தில் டீச்சர் ஜெயித்தார். பல் டாக்டர் காற்றைக் குறை சொன்னார். கீழ்த்தளத்தில் எங்கிருந்து காற்று என்று எல்லோரும் சிரித்த சிரிப்பில் மேல்மாடிக் குழந்தைகள் எழுந்து ஜன்னலைத் திறந்து எட்டிப் பார்த்தன. இதை நான் கெடுத்திருக்க வேண்டுமா?

நாலு மாதம் கழித்து இரண்டாவது உடைந்தது. அப்புறம் மூன்றாவது. கல்யாணப் படம் முடிந்து, மகள் பட்டம் வாங்கிய படத்துக்கு வந்தேன். என் மனைவிக்கு இந்த மாதிரி விஷயங்களில் கழுகுக் கண்.

"என்னங்க, நம்ம கல்யாண போட்டோவுல கண்ணாடி எங்க?"

"கண்ணாடி இருந்தா வெளிச்சம் அடிக்குதும்மா. இப்ப பாரு, உன் மூக்குத்திகூடத் தெரியுது."

"அன்னிக்கு நான் மூக்குத்தியே போடல."

அதோடு விட்டுவிட்டாள். எத்தனையோ விஷயங்களை அவள் அப்படி விட்டிருக்கிறாள்.

விரிசல் கொஞ்சம் கொஞ்சமாக அகலமாகத்தான் செய்தது. பார்ப்பவர் கண்ணை உறுத்த வேண்டாம் என்று பட்டி வைத்து அடைத்து, அதே சாம்பல் நிறத்தைத் தேய்த்துவிடுவேன். பட்டைக்குக் கீழே ஆட்டப் புள்ளி எழுதும் பலகையை மாட்டினேன். எல்லோருக்கும் வசதியாகப் போயிற்று. "சாருக்கு எவ்வளவு யோசனை பாருங்க" என்று கைதட்டினார்கள்.

ஒரு தடவை மட்டும் டீச்சர் கேட்டார். பட்டை ஒட்டி இரண்டு வருடம் நெருங்கும் சமயம். மட்டையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு பட்டையை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சார், எதுக்கும் அந்த இன்ஜினியர ஒரு தடவ கூப்பிட்டுக் காட்டலாமா? ரெண்டு வருஷம் ஆகப் போகுதே."

"கண்ணாடி உடையலையேம்மா. பிரச்சினை இல்ல."

"நீங்க சொன்னா சரி சார். உங்கள மாதிரி ஒருத்தர் இருக்கறதாலதான் நான் நிம்மதியாத் தூங்கறேன்."

இந்த வார்த்தையை எழுதிக்கொள்ளுங்கள். அதைத்தான் நான் கொடுத்தேன். தூக்கம்.

முதல் பட்டை உடைந்த நாளிலிருந்து சரியாக இரண்டு வருடம் முடிந்த நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. காலையில் எழுந்தபோதே உடம்பு லேசாக இருந்தது. இத்தனை நாளும் உள்ளே ஒரு உறுத்தல் இருந்தது உண்மை; இன்று சொல்லலாமா, நாளை சொல்லலாமா என்று. டீச்சர் விளக்கிய சட்டப்படி இனி சொன்னாலும் பில்டரைக் கேட்க முடியாது. சொல்லியும் பயனில்லை என்றான பின் சொல்லாமல் இருப்பதில் என்ன தவறு? கடைக்குப் போய் இனிப்பு வாங்கி வந்து கீழே விளையாடிக்கொண்டிருந்த அத்தனை பேருக்கும் கொடுத்தேன். "பிறந்தநாளா சார்?" என்று கேட்டார்கள். ஒன்றுமில்லை, சும்மா என்றேன். டீச்சர் இரண்டு எடுத்துக்கொண்டார்.

என்ன கேட்டீர்கள்? என் பேத்தியா? ஆமாம், மகள் விடுமுறைக்கு வரும்போதெல்லாம் அவளும் வருவாள். ஏழு வயது, வாலு. கீழே போய் விளையாடுகிறேன் என்று ஒற்றைக்காலில் நிற்பாள். நான் விடமாட்டேன். பூட்டிக்கூட வைத்திருக்கிறேன். அது தூசுக்காக. பார்க்கிங் தூசு குழந்தைக்கு ஒத்துக்கொள்ளாது. மற்ற குழந்தைகள் பழகிவிட்டார்கள். நீங்கள் ஏன் அதைத் தனியாகக் குறித்துக்கொள்கிறீர்கள் என்று தெரியவில்லை, போகட்டும்.

கடைசிக் கட்டத்தில் பட்டைகள் வேகமாக உடைய ஆரம்பித்தன. ஐந்து மாதம் தாங்கியது, நாலு மாதமானது, இரண்டானது, ஒரு மாதமானது. பதினேழாவது ஒன்பதே நாள். வரைபடத்தாளில் புள்ளி வைத்து இணைத்துப் பார்த்தேன். எவ்வளவு வழவழப்பான வளைவு தெரியுமா? கல்லூரியில் மாணவர்கள் ஒரு வருடம் முக்கினாலும் இப்படி ஒரு வளைவு வராது. எங்கே போய் முடியும் என்பதை அதிலேயே பார்க்கலாம். நான் போட்ட கணக்கில் இன்னும் ஆறு நாள் இருந்தது. அதற்குள் ஏதாவது யோசிக்கலாம் என்றுதான் இருந்தேன். மொத்தம் இருபத்துநாலு தூண்கள், ஒன்று சோர்ந்தால் மற்ற இருபத்துமூன்றும் பார்த்துக்கொள்ளும் என்றும் ஒரு எண்ணம்.

சனிக்கிழமை பதினெட்டாவது பட்டையை ஒட்டினேன். ஞாயிறு காலை ஒன்பது மணிக்கு ஏழாம் தூண் இடுப்பில் வெடித்தது. மேலே தளம் ஒரு முழம் இறங்கி, மேசை இருந்த மூலை மட்டும் பெயர்ந்து விழுந்தது. நான் இரண்டாம் மாடியில் செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தேன். தேநீர் டம்ளர் தானாக மேசை ஓரத்துக்கு நகர்ந்து வந்தது. விழுவதற்குள் பிடித்துவிட்டேன்.

ஆட்டத்தில் இருந்தவர்களில் பல் டாக்டர் பந்து பொறுக்கப் போயிருந்ததால் தப்பினார். வாழ்நாளில் முதன்முறையாகத் தோற்றதற்குச் சந்தோஷப்பட்டிருப்பார். டீச்சர் மேசைக்கு அந்தப் பக்கம் நின்றிருந்தார். வலது கை முழங்கைக்கு மேலே போய்விட்டது. இப்போது இடது கையால் எழுதப் பழகுகிறார், எழுத்து நன்றாகவே வருகிறது. கெட்டிக்காரப் பெண். இங்கே இரண்டு தெரு தள்ளி அக்கா வீட்டில்தான் இருக்கிறார்.

மாநகராட்சிக்காரர்கள் அன்றைக்கே அனைவரையும் இறக்கி, கட்டிடத்தைப் பூட்டி, முத்திரை வைத்தார்கள். தூணை உடைத்துப் பார்த்ததில் வைக்க வேண்டிய கம்பியில் பாதிதான் இருந்ததாம். உங்கள் கட்சிக்காரரைப் புண்படுத்தச் சொல்லவில்லை. அறிக்கையில் இருப்பதைச் சொல்கிறேன். நீங்கள் பில்டர் தரப்பு வக்கீல் என்பது அட்டையைப் பார்த்தபோதே தெரியும். எங்கள் சங்கத்து வக்கீல்கூட "யார் வந்து என்ன கேட்டாலும் எங்கிட்ட அனுப்பிடுங்க சார்" என்று எச்சரித்திருக்கிறார். நல்லவர், ஆனால் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே பேசுவார்.

அவர் ஒரே குஷியாக இருக்கிறார், தெரியுமா? சாவி வாங்கிப் பத்து வருடம் முடிய இன்னும் நாலு மாதம் இருக்கிறது. சங்கத்துக்குக் கோளாறு தெரிந்தது தூண் வெடித்த அன்றைக்குத்தான் என்று அவர் நம்புகிறார். ஆதாரம், என் பதிவேடு. வாரம் தவறாமல் "மாற்றம் இல்லை". அப்படியானால் இரண்டு வருடக் கெடு இப்போதுதான் தொடங்குகிறது. பில்டர் நாற்பத்திரண்டு வீட்டையும் கட்டித் தந்தே தீர வேண்டும், தப்பிக்க வழியே இல்லை என்கிறார். ஆஸ்பத்திரியில் போய்ப் பார்த்தபோது டீச்சர் என் கையை இடது கையால் பிடித்துக்கொண்டார்.

"சார், உங்க நோட்டுதான் நம்ம எல்லாரையும் காப்பாத்தப் போகுது. இந்தக் கையோட நான் எங்க போய் இன்னொரு வீடு வாங்க முடியும்? அது கிடைச்சாத்தான் எனக்கு வாழ்க்கை."

"பிரச்சினை இல்லம்மா" என்றேன். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம்தான். என் மனைவி அதைத்தான் சொன்னாள். இன்று காலை அலமாரியை ஒழிக்கும்போது, கட்டிடத்தை விட்டு இறங்கிய அன்று நான் எடுத்து வந்த பெட்டியைத் திறந்துவிட்டாள். பஞ்சுக்குள் பதினேழு பொட்டலம், பதினேழு தேதி. எங்கள் கல்யாணப் படத்துக் கண்ணாடி என்று ஓரத்துத் தங்கப்பூச்சைப் பார்த்தே கண்டுகொண்டாள். பெட்டியை மூடி என் மடியில் வைத்தாள்.

"இத இப்பவே கொண்டு போய்க் குப்பைல போடுங்க."

"கையெழுத்து வாங்காம எப்படிம்மா போடறது?"

"யார் கையெழுத்து? என்ன பேசறீங்க நீங்க? இது வெளிய வந்தா நாப்பத்திரெண்டு குடும்பமும் நடுத்தெரு. அந்தப் பொண்ணுக்கு ஏற்கெனவே கை போச்சு. வீடும் போகணுமா?"

நானும் போட்டுவிடலாம் என்றுதான் வாசல்வரை கொண்டுபோனேன். அந்த நேரம் பார்த்து இடிபாட்டிலிருந்து எடுத்த பதினெட்டாவது பட்டையோடு நீங்கள் வந்து நின்றீர்கள். பசை காயாததால் ஒரு முனை கழன்று, உடையாமல் முழுசாகக் கிடந்ததாம். ஒளி ஊடுருவும் உறைக்குள் வைத்து என்னிடம் நீட்டினீர்கள். மூன்று வருடப் பட்டை என்கிறார்கள், தூசே இல்லையே என்று கேட்பீர்கள் என நினைத்தேன். துடைத்து வைப்பேன் என்று சொல்லத் தயாராகவும் இருந்தேன். நீங்கள் அதைக் கேட்கவில்லை. வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "எவ்வளவு நேர்த்தியா வெட்டியிருக்காங்க! யார் சார் இது?" என்றீர்கள்.

முப்பத்தொரு வருடம், வக்கீலம்மா. அதற்கப்புறம் செயலாளராக ஏழு வருடம். ஒருத்தராவது அந்தக் கேள்வியைக் கேட்டிருக்கிறார்களா?

அதனால்தான் பெட்டியை வாசலிலிருந்து திருப்பி உள்ளே கொண்டுவந்தேன். அதனால்தான் உங்களை உட்காரச் சொல்லி ஒன்றுவிடாமல் எல்லாவற்றையும் சொல்கிறேன். முதல் பட்டை உடைந்த அன்றே எனக்குத் தெரியும். எனக்குத் தெரிந்தால் சங்கத்துக்குத் தெரிந்த மாதிரி. அது நடந்து மூன்று வருடம் இரண்டு மாதம் ஆகிறது. இதை நீங்கள் கோர்ட்டில் வைத்தால் கெடு தாண்டிவிட்டது என்று எங்கள் வழக்கு முதல் நாளே தள்ளுபடியாகும். அதுவும் எனக்குத் தெரியும்; டீச்சர்தான் சொல்லித் தந்தார். இருந்தாலும் உண்மையை மறைக்கலாமா? அன்றைக்கு அவர்கள் நிம்மதிக்காகச் சொல்லாமல் இருந்தேன். இன்றைக்கு என் நிம்மதிக்காகச் சொல்கிறேன். இரண்டும் நிம்மதிதானே.

படியில் காலடி கேட்கிறதா? என் மனைவிதான். டீச்சரைக் கையோடு அழைத்து வந்திருக்கிறாள்போல. அவர் ஏறிவர நேரமாகும்; இந்தப் படியில் கைப்பிடி வலப்பக்கம் மட்டும்தான் இருக்கிறது. அதற்குள் நாம் முடித்துவிடலாம்.

பொட்டலங்களை எண்ணிப் பார்த்துக்கொள்ளுங்கள், பதினேழு. தேதிகள் வெளியே எழுதியிருக்கின்றன. இதோ, இதற்கென்றே நான் தனியாக வைத்திருக்கும் உடைசல் பதிவேடு. இந்த வரியில் "எல்லாம் பெற்றுக்கொண்டேன், குறைவில்லை" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிடுங்கள். பேனா இந்தாருங்கள். இதுவரை என் பொறுப்பில் விட்ட எதுவும் தொலைந்துபோனதில்லை.